முன்பணம் போக மீதி

ஆரணியில் தறிக்காரர் வீட்டில் தீபாவளிப் பேச்சு ஆவணியிலேயே தொடங்கிவிடும். ஆடி முழுக்க முதலாளி வீட்டு அலமாரியில் அடுக்கிக் கிடந்த சேலைகள் ஆவணி முகூர்த்தங்களுக்குக் கிளம்பும். "சரக்கு நல்லா போவுதாம்" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், அந்த வருஷம் போனஸ் எவ்வளவு வரும் என்று தெருவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பிள்ளைகளான நாங்கள் தார் சுற்றிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பணத்தில்தான் எங்கள் சட்டையும் பட்டாசும் இருந்தன.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். அப்போது ஆரணி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-இல். கமண்டல நாகநதிக் கரையில் ஊர், சுற்றிலும் சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம். எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். அப்பா நெய்தது குழித்தறியில். தறி எங்களுடையது, பாவும் ஜரிகையும் முதலாளியுடையவை. பட்டை எடைபோட்டுக் கொடுப்பார்கள். சேலையை அறுத்து எடுத்துப் போனால் திரும்ப எடைபோடுவார்கள். குறைந்தால் கூலியில் பிடித்தம். அப்பாவுக்கு முதலாளி இருந்தார், கூலி இருந்தது, ஆனால் அவர் எந்த நிறுவனத்துக்கும் தொழிலாளி இல்லை. அவர் பெயர் ஏறியிருந்த ஒரே இடம் முதலாளி வீட்டுக் கூலிப் புத்தகம்.

தீபாவளி வருவது ஐப்பசியில், அடைமழைக் காலத்தில். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது, போட்டாலும் காயாது. ஈரக் காற்றில் இழை தொய்யும், கால் வைக்கும் குழியில் ஊற்றெடுக்கும். வருஷத்திலேயே அதிகச் செலவுள்ள மாதத்தில் வருஷத்திலேயே குறைவான கூலி வரும். அதனால்தான் போனஸ் எங்களுக்கு இனாம் மாதிரி இருந்ததில்லை. மழையில் போன கூலியை அது கொஞ்சம் ஈடுகட்டியது.

வருஷத்தில் தறிக்கு உண்மையான கொண்டாட்டம் ஆயுத பூஜை. முதல் நாளே குழியைச் சுத்தம் செய்து, பன்னை துடைத்து, நாடாவையும் தார்க்குச்சிகளையும் வாழை இலையில் அடுக்கி, தறிமரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார் அப்பா. பொரி, கடலை, சுண்டல். முதலாளி வீட்டிலிருந்து கணக்குப்பிள்ளை ஒரு பையில் பொரியும் பழமும் கொண்டுவருவார். அன்று தறி ஓடாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. அமாவாசை விடுமுறையும் அப்படித்தான். எங்கள் பண்டிகைகள் எல்லாமே எங்கள் செலவில் நடந்தவை.

தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்னால், சாயங்காலம் முதலாளி வீட்டுத் திண்ணையில் தறிக்காரர்கள் கூடுவார்கள். நான் அப்பாவோடு போவேன், பை தூக்க. உள்ளே பெரிய மேசை இல்லை. பாய் விரித்து, சாய்வுப் பெட்டிக்குப் பின்னால் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, நீளப் புத்தகத்தில் அவரவர் பக்கத்தைத் திருப்புவார். சேலை எத்தனை, கூலி எவ்வளவு, எடைக் குறைவு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, கடைசியில் போனஸ். விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கும். முன்பணக் கட்டத்தில் மட்டும் விரல் நின்றுவிடும்.

"முதலாளி சொன்னாரு, பாதிய முன்பணத்துல வரவு வெச்சிக்கலாமான்னு."

"பண்டிகை முடிஞ்சி பாக்கலாங்களே."

"பண்டிகை முடிஞ்சா நீ எங்க, நாங்க எங்க? வெச்சிட்டாரு, எழுதிட்டேன்."

முன்பணம் என்பது எங்கள் அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது. அதற்கு முன்னால் தாத்தா வைத்தியத்துக்கு வாங்கியது. அது தீர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தீராதவரை வேறு முதலாளியிடம் பாவு வாங்க முடியாது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. கடனுக்கு ஈடாக ஒருவரை ஒரே இடத்தில் கட்டிப்போடுவதைக் குற்றம் என்றது. அந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. செங்கல் சூளையிலும் பண்ணையிலும் நடப்பதுதான் கொத்தடிமை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, காஞ்சிபுரத்தில் முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசியது. படித்தபோது எனக்கு எதுவும் புதிதாக இல்லை. கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ளப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். எங்கள் தெருவில் உட்காராத பிள்ளை யார்?

போனஸோடு ஒரு வேட்டி, அம்மாவுக்கு ஒரு நூல் சேலை, இனிப்புப் பொட்டலம். பட்டு நெய்கிறவன் வீட்டுக்கு நூல் சேலை. அம்மா அதைக் குறையாகச் சொன்னதில்லை, ஆசையாகத்தான் உடுத்துவாள். அவளுடைய கவலை வேறு. தீபாவளியை ஒட்டி கேதார கௌரி நோன்பு வரும். எங்கள் பக்கம் தீபாவளியைவிட நோன்புதான் பெரிது. அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட வேண்டும், வெல்லம் வாங்க வேண்டும், நோன்புக் கயிறு, பழம், பூ. அப்பா திண்ணையிலிருந்து திரும்பும்போது மளிகைக் கடை மூடியிருக்கும். மறுநாள் காலையில்தான் அரிசி வரும். ஆரணி அரிசி ஊர் ஊராகப் போகிறது. எங்கள் அம்மா அதைப் படிக்கணக்கில், பண்டிகை நெருக்கத்தில் வாங்கினாள். போனஸ் எவ்வளவு என்பதைவிட என்றைக்கு வரும் என்பதுதான் அவள் கேள்வி. இத்தனை வருஷம் சம்பளப் பட்டியல் போட்டபின் எனக்கும் அதுதான் முதல் கேள்வி.

எதிர்வீட்டு மாமாவைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. அவர்கள் கிறிஸ்தவர்கள். ஸ்கடர் குடும்பத்துப் பாதிரிமார் 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் ஆரணியிலும் வேரூன்றியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தச் சபைகள் அதில் சேர்ந்தன. மாமாவின் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது, தறி மட்டும் மாறவில்லை. ஒரு வருஷம் மாமா திண்ணையில் கேட்டார்:

"எனக்கு டிசம்பர்ல குடுங்க முதலாளி. எங்க பண்டிகை அப்பதான்."

"மார்கழில முகூர்த்தம் ஏது, எங்கிட்ட காசு ஏது? இப்பவே வாங்கிக்க."

முதலாளி சொன்னதில் பொய் இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, பட்டுக் கடைகள் ஈயோட்டும். தை பிறந்தால்தான் பணம் வரும். கிறிஸ்துமஸ் சரியாக மார்கழி பத்தாம் தேதிவாக்கில், ஊரில் காசே இல்லாத நேரத்தில் வரும். மாமா தீபாவளிக்கே போனஸை வாங்கிக்கொள்வார். வீட்டில் வைத்தால் கரைந்துவிடும் என்று துணியில் முடிந்து எங்கள் அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதை அடுக்குப் பானையில் நாலாவது பானைக்குள் வைப்பாள். எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் அந்த முடிச்சு அவிழ்ந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் மாமி வந்து வாங்கிப் போவாள். அப்புறம் அந்த வீட்டிலிருந்து அச்சு முறுக்கு வாசனை வரும். மூங்கில் சிம்பில் கலர்க் காகிதம் ஒட்டி மாமா கட்டும் நட்சத்திரத்துக்குள் விளக்கு எரியும். வேலை செய்யும் இடத்துப் பண்டிகை நிர்வாகம் என்று இன்றைக்குப் பயிற்சி வகுப்பே நடத்துகிறார்கள். நான் பார்த்ததில் அதைத் திறம்படச் செய்தவள் என் அம்மா.

நான் தறியில் உட்காரவில்லை. படித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் பணியாளர் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே என் கைக்கு வந்த முதல் பதிவேடுகளில் ஒன்று போனஸ் பதிவேடு, படிவம் சி. வேலை செய்த நாட்கள், சம்பளம், சேர வேண்டிய போனஸ், கொடுத்த தேதி, கையெழுத்து. கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில் இருந்த அதே கட்டங்கள்தான் ஏறக்குறைய. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டம் இருந்தது.

1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். இப்போது அது 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு. குறைந்தபட்சம் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, எழுபதுகளில் 8.33 ஆனது. அதிகபட்சம் 20. இந்த 8.33 விசித்திரமான எண்ணாகத் தோன்றும்; பன்னிரண்டில் ஒரு பங்கு அது. பன்னிரண்டு மாதம் உழைத்தவருக்கு இன்னொரு மாதச் சம்பளம். 2015-இல் திருத்தம் வந்து, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் தகுதி பெற்றார்கள். கணக்கிடும் வரம்பு 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அது. கணக்கு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மார்ச்சில் கணக்கு முடிக்கிற நிறுவனத்துக்கு அது நவம்பர் கடைசி. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தபட்சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். "மார்கழில காசு ஏது?" என்று யாரும் கேட்க முடியாது.

அந்தத் தொழிற்சாலைகளில் கிறிஸ்துமஸ் பெரிய விழா. வாசலில் நட்சத்திரம், வரவேற்பறையில் குடில், 24-ஆம் தேதி கேக். அதற்குப் பத்து நாள் முன்னாலேயே கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் விளையாட்டு தொடங்கிவிடும். சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் என்று தெரியாமல் பரிசு வைப்பது. இதை யாரும் கேலி செய்யலாம், நான் செய்யமாட்டேன். வருஷம் முழுக்கப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் அந்தச் சீட்டால் நண்பர்களானதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒப்பந்தத் தொழிலாளர், கேன்டீன் அக்காமார், காவலாளி, துப்புரவு செய்பவர்கள் எல்லோர் பெயரும் குடத்துக்குள் இருக்க வேண்டும். "அவங்க நம்ம ரோல்ல இல்லையே சார்" என்பார்கள். ரோலில் இல்லாதவன் வீட்டில் வளர்ந்தவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்? பரிசு வாங்க முடியாதவர்களுக்காகப் பரிசுக்கு ஒரு வரம்பு வைத்தோம், அதையும் நிறுவனமே கொடுத்தது. கேக்கை ஷிப்டு முடியும் நேரத்தில் வெட்டாமல் ஷிப்டு நடுவில் வெட்டினோம், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கும் ஒரு துண்டு கிடைக்கட்டும் என்று.

விடுமுறையும் அப்படித்தான். 1958-இன் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று தொழில் நிறுவனங்களுக்கு ஆண்டில் நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் சம்பளத்தோடு தருகிறது. பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று அந்தந்த இடத்து ஆட்களைப் பொறுத்துப் பட்டியல் போடுவோம். முதன்முதலில் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது நினைவுக்கு வந்தது தறிமரத்துச் சந்தனம்தான். ஆயுத பூஜைக்குச் சம்பளம் உண்டு என்பதை என் அப்பாவிடம் சொன்னேன். "வேல செய்யாததுக்கா?" என்று கேட்டார்.

இப்போது எங்கள் தெருவில் விடியற்காலையில் தறிச் சத்தத்துக்கு முன்னால் பஸ் சத்தம் கேட்கிறது. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண் பிள்ளைகளை ஏற்றிப் போகிற பஸ்கள். அம்மா தறியில் பட்டு நெய்கிறாள், மகள் தொழிற்சாலையில் செருப்புத் தைக்கிறாள். மகளுக்கு வைப்பு நிதி, ஈஎஸ்ஐ, போனஸ், சம்பளத்தோடு விடுமுறை. அம்மாவுக்கு முன்பணம். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சோற்றுப் பானைக்கு உழைக்கிற இரண்டு பேரில் ஒருத்தியைச் சட்டம் தொழிலாளியாகப் பார்க்கிறது, இன்னொருத்தியைப் பார்ப்பதே இல்லை. எத்தனை முறை நினைத்தாலும் இதற்கு நியாயம் எனக்கு அகப்படவில்லை.

வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்குப் பதில் ரொம்ப தூரத்தில் இல்லை, குடியாத்தத்தில் இருக்கிறது. அங்கே வீட்டில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலிதான் வாங்குகிறாள். இலையும் தூளும் முதலாளியுடையவை. 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. உச்ச நீதிமன்றம் 1974-இல் அது செல்லும் என்றது. பீடி இலையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் அவள் தொழிலாளி, பாவைக் கொடுத்து அனுப்பினால் இல்லை. பிலிப்பைன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1975-இல் வந்த ஆணை, டிசம்பர் 24-ஆம் தேதிக்குள் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றது. எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவர்களும் அதில் அடக்கம். எதிர்வீட்டு மாமா கேட்டது இதைத்தான்.

கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நெசவாளர்களுக்கு நிலைமை மேல். சங்கம் லாபத்தில் போனஸ் தருகிறது, சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. கைத்தறி பட்டு நெசவாளர்களுக்கென நல வாரியமும் இருக்கிறது. 2023-இல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமானது. இவை பெரிய உதவிகள். ஆனால் தனியார் முதலாளியின் பாவை நெய்பவருக்குப் பண்டிகைக் காசு இன்றும் அந்த முதலாளியின் மனசைப் பொறுத்தது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழே சம்பாதிப்பதாகத் தெரிந்தது. அந்த வீட்டில் போனஸ் நாலு நாள் தள்ளிப்போனால் பண்டிகையே போய்விடும்.

என் தம்பி இன்னும் தறியில்தான் இருக்கிறான். அவனுக்கு முதலாளி, அப்பாவின் முதலாளியுடைய பேரன். படித்த பிள்ளை, கெட்டவன் இல்லை. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்கும் போட்டியில் அவனும் திணறுகிறான். பட்டுச் சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தும், ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் அந்தப் போட்டி ஓயவில்லை. போன வருஷம் தறிக்காரர்களை மண்டபத்துக்கு அழைத்து விழா எடுத்தான். சிறந்த நெசவாளர் என்று சிலருக்குப் பொன்னாடை, கேடயம், எல்லோருக்கும் ஹாட்பாக்ஸ், சாப்பாடு. தம்பிக்குப் பொன்னாடை கிடைத்தது, படம் எல்லோருடைய போனிலும் வந்தது. அவன் சந்தோஷப்பட்டான், சந்தோஷப்பட வேண்டியதுதான். கைவேலையைக் கூப்பிட்டுப் பாராட்டுவது சின்ன விஷயமில்லை, அப்பாவுக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை. மறுநாள் போனஸ் வங்கிக் கணக்கில் வந்தது. முன்பணத்துக்குப் பாதி பிடித்துக்கொண்டு.

இந்த முறை தம்பியும் தெருவில் சிலரும் சேர்ந்து போய்ப் பேசினார்கள். நான் படிவம் சி-யைப் பார்த்து ஒரு தாள் தயார் செய்து கொடுத்தேன். மூன்று கோரிக்கை. போனஸ் ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. அதிலிருந்து முன்பணம் பிடிக்கக் கூடாது, முன்பணத்துக்குத் தனிக் கணக்கு, தனி ரசீது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் 15-க்குள் கொடுக்க வேண்டும்.

"இது சட்டத்துல இல்லியே அண்ணே" என்றானாம் அந்தப் பிள்ளை.

"சட்டத்துல இருந்தா உங்கிட்ட ஏன் வர்றோம்?" என்று கேட்டிருக்கிறான் தம்பி.

இரண்டாவதை அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். தேதிக்கும் சம்மதம். இப்போது போனிலேயே சேலை விற்பதால் மார்கழியிலும் கொஞ்சம் காசு புரள்கிறது என்றான். எதிர்வீட்டு மாமாவின் மகன் அந்த டிசம்பர் வரிக்குக் கீழே முதலில் கையெழுத்துப் போட்டான். பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் இழுபறியில் நிற்கிறது. இருபதில் ஒரு பங்கு தருகிறேன் என்கிறான். தை முகூர்த்தச் சரக்கு போனதும் திரும்பப் பேசுவதாக இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு எடைக் குறைவுப் பிடித்தத்தையும் சேர்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறான் தம்பி.